எர்த்தா, நெகட்டிவா, ஆண்டெனாவா? ரேடியோ அறையின் 13.8 வோல்ட் சப்ளைக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்களிடமிருந்து எனக்கு வரும் போன்களில் பாதி இப்படித்தான் தொடங்கும்: “சார், எர்த் ப்ராப்ளம்னு நினைக்கிறேன். இன்னொரு ராடு அடிச்சிடட்டுமா?” அவசரப்பட வேண்டாம். நான் மல்டிமீட்டரோடு போய்ப் பார்த்த வீடுகளில் கோளாறு மண்ணுக்குள் இருந்தது அபூர்வம். சுவர் சாக்கெட்டில் இருந்தது. 13.8 வோல்ட் டி.சி. தரும் சப்ளையிலிருந்து ரிக்குக்கு, அதாவது ரேடியோ பெட்டிக்கு, போகும் கறுப்பு வயரில் இருந்தது. இல்லாவிட்டால் மொட்டைமாடியில் ஆண்டெனாவும் ரிக்கிலிருந்து அதற்குப் போகும் கோஆக்ஸ் கேபிளும் சேரும் இடத்தில் இருந்தது.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், பர்ஸைத் திறக்க வைப்பது கடைசியில். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும், சிக்னலை வெளியே விடாத சுமை), 12 வோல்ட் கார் பேட்டரி இருந்தால் போதும். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் யாரிடமாவது கடன் கிடைத்தால் இன்னும் நல்லது.

பெயரில் ஒரு தெளிவு. இங்கே ‘எர்த்’ என்றால் மூன்று பின் சாக்கெட்டின் பெரிய துளைக்கு வரும் பச்சை வயர். ‘நெகட்டிவ்’ என்றால் சப்ளையின் கறுப்பு முனை. இரண்டையும் ‘கிரவுண்ட்’ என்றே கூப்பிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

## சப்ளை பாடியைத் தொட்டால் சுருக்கென்கிறது

பி.டி.டி.யை (பேசுவதற்காக மைக்கில் அழுத்தும் பட்டன்) அழுத்தும்போது மட்டும் சுருக்கென்றால் அது இ.பி. கரண்ட் இல்லை. ‘உதடு சுடுகிறது’ என்ற தலைப்புக்குப் போங்கள்.

### ரிசீவில் இருக்கும்போதும், ரிக் அணைந்திருக்கும்போதும் இருந்தால்

இன்னொரு அடையாளமும் உண்டு. கோஆக்ஸ் கனெக்டரை ரிக்கில் மாட்டப் போகும்போது நூலிழை மாதிரி ஒரு பொறி தெறிக்கும். சப்ளை பாடி மிதக்கிறது, அதாவது எர்த் அதற்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். எஸ்.எம்.பி.எஸ். (ஸ்விட்சிங் வகை) சப்ளையின் நுழைவாயிலில் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் ஃபேஸிலிருந்து பாடிக்கும் நியூட்ரலிலிருந்து பாடிக்கும் போட்டிருப்பார்கள். எர்த் இல்லையென்றால் பாடி இரண்டுக்கும் நடுவே, சுமார் 115 வோல்ட்டில் தொங்கும். 4.7 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றின் வழியாக 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கசிவது 0.34 மில்லிஆம்பியர்தான். ஆளைத் தூக்கி அடிக்காது, ஆனால் யு.எஸ்.பி. போர்ட்டைக் காவு வாங்க அது போதும்.

முதலில் பிளக்கைப் பாருங்கள். மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் ஏதாவது நடுவில் இருந்தால் தூக்கி எறியுங்கள். அடுத்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். மேலே மூன்று துளை அழகாக இருக்கும். உள்ளே வருவது இரண்டு கோர் வயர். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

அதுவும் சரியென்றால் சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள். மீட்டர் ஏ.சி. 750 வோல்ட் ரேஞ்சில் இருக்கட்டும், விரல் உலோகத்தில் படாமல் பிடியுங்கள்.

ஃபேஸ்-நியூட்ரல் 230ஐ ஒட்டி, ஃபேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரல்-எர்த் 3 வோல்ட்டுக்குள்: இதுதான் இருக்க வேண்டியது. ஃபேஸ்-எர்த்தும் நியூட்ரல்-எர்த்தும் ஆளுக்கு எண்பது, நூறு என்று நிலையில்லாமல் அலைந்தால் எர்த் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. நியூட்ரல்-எர்த் பத்து, இருபது வோல்ட் என்றால் நியூட்ரல் ஜாயின்ட்டோ எர்த் ஜாயின்ட்டோ தளர்ந்திருக்கிறது.

நியூட்ரல்-எர்த் கச்சிதமாக 0.0 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். அதே லைனில் 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நியூட்ரலில் கரண்ட் ஓடும்போது கொஞ்சமாவது வோல்ட் ஏற வேண்டும். அப்போதும் 0.0 என்றால், எர்த் வயர் இல்லாத சாக்கெட்டில் யாரோ நியூட்ரலையே எர்த் துளைக்குத் துண்டு வயரால் இழுத்துவிட்டிருக்கலாம். இதைவிட ஆபத்தான வேலை கிடையாது. என்றைக்கு நியூட்ரல் அறுகிறதோ அன்றைக்கு உங்கள் சப்ளை, ரிக், மைக், கோஆக்ஸ் எல்லாம் 230 வோல்ட்டில் நிற்கும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மீட்டர் சொல்வதை முழுசாக நம்பவும் கூடாது. டிஜிட்டல் மீட்டரின் உள் எதிர்ப்பு 10 மெகாஓம். எர்த்தின் எதிர்ப்பு சில ஆயிரம் ஓம் ஆகிக் கெட்டுப்போயிருந்தாலும் அது 230 என்றே காட்டும். ஆக, மீட்டரால் ‘எர்த் இல்லை’ என்று உறுதியாகச் சொல்ல முடியும். ‘எர்த் நன்றாக இருக்கிறது’ என்று சொல்ல முடியாது. அதற்கு எர்த் டெஸ்டர் வேண்டும், அது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை.

ஒரு நண்பர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சாக்கெட்டைத் திறந்தால் பச்சை வயர் எர்த் ஸ்க்ரூவில் இறுக்கமாகப் பூட்டியிருந்தது. “எர்த்தான் இருக்கே சார்” என்றார் கூட வந்த எலக்ட்ரீஷியன். நியாயம்தான். ஆனால் மீட்டர் 96 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது. சுவர் ஏறி ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். அதே பச்சை வயரின் மறுமுனை, கறுப்பு டேப் சுற்றி, சுருட்டி, உள்ளே பத்திரமாக வைக்கப்பட்டிருந்தது. வீடு கட்டிய நாளிலிருந்து அது எங்கேயும் சேர்ந்ததே இல்லை. அதற்குள் நண்பர் ஜன்னலுக்கு வெளியே இரண்டு செம்பு ராடு அடித்து முடித்திருந்தார்.

வயர் முழுக்கச் சரியென்றால்தான் எர்த் குழி. கோடையில் குழி காய்ந்துவிடும். பைப்பின் புனலில் தண்ணீர் ஊற்றி மறுநாள் பாருங்கள். ஜி.ஐ. பைப்பில் வயரைப் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்து உதிர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ராமேஸ்வரம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கும் ஊர்களில் தவறு பெரும்பாலும் அந்த போல்ட்டில்தான். புதுக் குழி போடுவதென்றால் எர்த்திங்குக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 3043 படி போடச் சொல்லுங்கள்.

100 வாட் பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் போட்டுப் பார்க்கும் ‘லேம்ப் டெஸ்ட்’டை நீங்கள் செய்யாதீர்கள். எர்த் பாதியில் அறுந்திருந்தால், அந்த வயரில் சேர்ந்திருக்கும் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மோட்டார் பாடி எல்லாவற்றிலும் பல்பு வழியாக ஃபேஸ் ஏறிவிடும். குளியலறையில் யாராவது இருக்கலாம்.

### எர்த் சரி, ஆனாலும் பாடியில் வோல்ட் இருக்கிறது

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, சப்ளை சுவிட்சை ஆன் நிலையில் வைத்து, பிளக்கின் ஃபேஸ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் ஓம் பாருங்கள். அடுத்து நியூட்ரல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும். மெகாஓம் கணக்கில் இருக்க வேண்டும். கிலோஓம் வந்தாலே டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷனோ ஃபில்டரோ போய்விட்டது. அந்தச் சப்ளையை மறுபடி சொருகாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். என்றால் மூடியைக் கழற்றவும் வேண்டாம். உள்ளே பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 325 வோல்ட் டி.சி. வரை நிற்கும்.

கையால் கட்டிய பழைய லீனியர் சப்ளை (ஸ்விட்சிங் இல்லாமல் பெரிய டிரான்ஸ்ஃபார்மரில் ஓடுவது) என்றால் இன்னொரு வேடிக்கை உண்டு. பாடியில் ஏ.சி. இருக்காது, நெகட்டிவுக்கும் பாடிக்கும் நடுவே 18, 20 வோல்ட் டி.சி. இருக்கும். 2என்3055 டிரான்ஸிஸ்டரின் உலோகக் கூடுதான் அதன் கலெக்டர். கூட்டுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருக்கும் மைக்கா தகட்டை ஒரு சின்ன அலுமினியச் சீவல் குத்திவிட்டால் போதும், ஹீட்சிங்க் முழுக்க பாசிட்டிவ் ஆகிவிடும். நெகட்டிவ் பாடியோடு சேர்ந்திருந்தால் ஃபியூஸ் உடனே போய்க் காட்டிக் கொடுக்கும். சேராமல் மிதந்தால் மாதக்கணக்கில் தெரியாது, ரிக் பாடி அந்த ஹீட்சிங்க்கில் உரசும் நாள் வரை. மைக்கா தகடும் சிலிக்கான் கிரீஸும் சென்னை ரிட்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். எல்லா டிரான்ஸிஸ்டருக்கும் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள்.

### இன்வெர்ட்டர், ஜெனரேட்டரில் ஓடும்போது மட்டும்

கேம்ப்புக்குக் கொண்டுபோகும் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அங்கே நியூட்ரல்-எர்த் நூற்றுச் சொச்சம் காட்டுவது கோளாறு இல்லை. சப்ளை, ரிக், ஜெனரேட்டர் பாடி மூன்றையும் தடித்த வயரால் ஒன்றாகக் கட்டிவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மட்டும் சுருக்கென்றால் இன்வெர்ட்டருக்குப் போய் வரும் லைனில் எர்த் தொடர்ச்சி விட்டுப்போயிருக்கிறது. அதைப் போட்டவரையே கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

## பிரேக்கர் விழுகிறது

விழுந்தது எது என்று முதலில் பாருங்கள். எம்.சி.பி. (அதிகக் கரண்ட்டுக்கு விழும் பிரேக்கர்) என்றால் பெரும்பாலும் எர்த்துக்குச் சம்பந்தமில்லை. பெரிய டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் ஆன் ஆகும் நொடியில் இழுக்கும் கரண்ட்டாக இருக்கும். சில தடவை ஒழுங்காக நின்று சில தடவை விழுந்தால் அதுதான். டெஸ்ட் பட்டன் உள்ள ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் விழும் பிரேக்கர்) விழுந்தால் கசிவு.

30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15க்கு மேல் எங்கே வேண்டுமானாலும் விழலாம். சப்ளை, கம்ப்யூட்டர், மானிட்டர், ஃப்ரிட்ஜ் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து பன்னிரண்டில் நின்றிருக்கும். புதுச் சப்ளை வந்து எல்லையைத் தாண்ட வைக்கும். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். சப்ளை மட்டும் தனியாக இருந்தும் விழுந்தால் மேலே சொன்ன ஓம் சோதனை. டிரான்ஸ்மிட் பண்ணும்போது மட்டும் விழுந்தால் ஆர்.எஃப்., அதாவது ரேடியோ அலைக் கரண்ட்; சப்ளையின் மெயின்ஸ் கயிற்றை ஃபெரைட் (ரேடியோ அலைக் கரண்ட்டைத் தடுக்கும் காந்தப் பொருள்) வளையத்தில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றுங்கள்.

எது செய்தாலும் ஒன்றைச் செய்யாதீர்கள்: ஆர்.சி.சி.பி. விழாமல் இருக்க எர்த் பின்னை வெட்டுவது. தீ அலாரம் அடிக்கிறது என்று பேட்டரியைக் கழற்றுகிற கதை.

## பி.டி.டி. அழுத்தியதும் ரிக் அணைந்து எழுகிறது

டம்மி லோடில் போட்டு அழுத்துங்கள். டம்மி லோடில் நன்றாக இருந்து ஆண்டெனாவில் மட்டும் அணைந்தால் ‘உதடு சுடுகிறது’ பகுதி. இரண்டிலும் அணைந்தால் டி.சி. வயரிங்.

100 வாட் ரிக் டிரான்ஸ்மிட்டில் 20 முதல் 22 ஆம்பியர் இழுக்கும். மீட்டரை டி.சி.யில் வைத்து, டம்மி லோடில் தொடர்ந்து கேரியர் (பேச்சில்லாத வெறும் சிக்னல்) கொடுத்தபடி, சப்ளை டெர்மினலில் ஒரு அளவு, ரிக்கின் பவர் பிளக்கில் ஒரு அளவு எடுங்கள். சப்ளையிலேயே 13.8 சட்டென்று 12க்கு இறங்கினால் சப்ளைதான் தாங்கவில்லை. அதன் லேபிளில் உள்ள 30 ஆம்பியர் தொடர்ந்து கொடுக்கக்கூடியதா, சில நொடி உச்சமா என்று படித்துப் பாருங்கள். சப்ளையில் 13.8 நிலையாக நின்று ரிக்கில் இறங்கினால் வயர்.

எந்த வயர்? மீட்டரின் ஒரு முனையைச் சப்ளையின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை ரிக் பிளக்கின் நெகட்டிவ் பின்னிலும் வைத்து அழுத்துங்கள். அடுத்து பாசிட்டிவுக்கும் அதே மாதிரி. 2 மீட்டர் நீளமுள்ள 4 சதுர மி.மீ. செம்பு வயரில் 20 ஆம்பியருக்கு ஒரு வயரில் விழ வேண்டியது 0.18 வோல்ட், 2.5 சதுர மி.மீ. என்றால் 0.3; வீட்டு லைட் பாயின்ட்டுக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 0.5. இந்தக் கணக்குக்கு மேல் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவும் ஜாயின்ட்டில் விழுகிறது. இரண்டு நிமிடம் டிரான்ஸ்மிட் பண்ணிவிட்டு ஃபியூஸ் ஹோல்டரையும் கிரிம்ப்பையும் (வயர் முனையில் நசுக்கிப் பூட்டிய கனெக்டர்) தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இடம்தான் குற்றவாளி.

இங்கே செலவு வரிசை எளிது. டெர்மினல் ஸ்க்ரூவை இறுக்குவது, ஃபியூஸ் ஹோல்டரைப் பிடுங்கிச் சுத்தம் செய்வது, கிரிம்ப்பை வெட்டிப் புதிதாகப் போடுவது, வயர் மாற்றுவது, கடைசியாகத்தான் புதுச் சப்ளை. பாசிட்டிவை எல்லாரும் பார்ப்பார்கள். நெகட்டிவைப் பார்க்கிறவர் குறைவு. அதன் பலன் அடுத்த தலைப்பில் இருக்கிறது.

## யு.எஸ்.பி. கேபிள் சுடுகிறது, அல்லது நெகட்டிவைக் கழற்றியும் ரிக் ஓடுகிறது

இது எனக்கே நடந்தது. டெர்மினலைச் சுத்தம் செய்யலாம் என்று கறுப்பு வயரைக் கழற்றினேன். சப்ளையை அணைக்க மறந்துவிட்டேன். ரிக்கின் டயல் வெளிச்சம் மாறவே இல்லை. 40 மீட்டர் பேண்டில் யாரோ காலை நெட்டில் (ஹாம்கள் கூடிப் பேசும் நேரம்) வானிலை சொல்லிக்கொண்டிருந்தார். கையில் கறுப்பு வயர், காதில் குரல். ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை.

கரண்ட் போன வழி இது: ரிக் பாடியிலிருந்து எஃப்டி8க்காக (கம்ப்யூட்டர் வழியாகச் செய்யும் டிஜிட்டல் தொடர்பு) மாட்டியிருந்த யு.எஸ்.பி. கேபிளின் உறை, அங்கிருந்து கம்ப்யூட்டர் கேபினட், அதன் எர்த் பின், சாக்கெட், சப்ளையின் எர்த் பின், பாடி, பாடியோடு சேர்ந்திருக்கும் நெகட்டிவ். ஊரைச் சுற்றி வந்தாலும் வந்து சேர்ந்துவிட்டது. ரிசீவில் ஒரு ஆம்பியர்தான், அதனால் தப்பித்தேன். அந்த நேரம் பி.டி.டி.யை அழுத்தியிருந்தால் கேபிள் உருகியிருக்கும்.

நீங்கள் இதே சோதனையை என்னைப்போல் செய்ய வேண்டாம். சாக்கெட் சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கை அப்படியே விடுங்கள். எர்த் தொடர்பு இருக்கும். சப்ளையின் கெப்பாசிட்டர் இறங்க இரண்டு நிமிடம் பொறுத்து, கறுப்பு வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் சப்ளையின் நெகட்டிவ் டெர்மினலுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். இரண்டு மூன்று ஓம்தான் என்றால் இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது. யு.எஸ்.பி., ஆடியோ கேபிள், ஆண்டெனா ட்யூனர், கோஆக்ஸ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினால் எது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வழி இருப்பதே தவறில்லை. பாடியோடு நெகட்டிவ் சேர்ந்த எந்த ஸ்டேஷனிலும் அது இருக்கும். கறுப்பு வயர் கெட்டால்தான் வில்லங்கம். கணக்குப் போடுங்கள்: கறுப்பு வயர் 0.01 ஓம், யு.எஸ்.பி. வழி 0.5 ஓம் என்றால் 20 ஆம்பியரில் 0.4 மட்டும் அந்தப் பக்கம் போகும். கிரிம்ப் தளர்ந்து கறுப்பு வயர் 0.1 ஓம் ஆனால் அது 3.3 ஆம்பியர். ரிக் அப்போதும் ஒழுங்காகவே ஓடும். அதுதான் இதில் உள்ள நயவஞ்சகம்.

கிளாம்ப் மீட்டர் கிடைத்தால் சிவப்பு, கறுப்பு இரண்டு வயரையும் சேர்த்தே வாய்க்குள் வைத்து டிரான்ஸ்மிட் பண்ணுங்கள். போவதும் வருவதும் சமம் என்றால் பூஜ்யம். அரை ஆம்பியருக்கு மேல் காட்டினால் அந்த அளவு வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

சரிசெய்ய: முதலில் கறுப்பு வயரின் ஜாயின்ட்டுகள். அடுத்து, ரிக்கின் பின்னால் இருக்கும் கிரவுண்ட் ஸ்க்ரூவிலிருந்து சப்ளை பாடிக்கு ஒரு தட்டையான செம்புப் பின்னல், எவ்வளவு குட்டையாக முடியுமோ அவ்வளவு குட்டையாக. கம்ப்யூட்டர், சப்ளை, ட்யூனர் எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷனில் சொருகியிருக்கட்டும். பிறகும் போதவில்லை என்றால் யு.எஸ்.பி. ஐசொலேட்டர் (டேட்டாவை மட்டும் விட்டு மின்தொடர்பை அறுக்கும் கருவி).

ரிக்கோடு வரும் வயரில் இரண்டு பக்கமும் ஃபியூஸ் இருக்கும். நெகட்டிவ் ஃபியூஸ் போனால் ரிக் நின்றுவிடும் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். நிற்காது, மேலே சொன்ன ஊர்வலம்தான் நடக்கும்.

“நெகட்டிவைப் பாடியோடு சேர்க்கணுமா, மிதக்க விடணுமா?” என்று கேட்பவர்களுக்கு: நான் சேர்ப்பேன், சப்ளையில் ஒரே ஒரு இடத்தில். ரிக்கில் நெகட்டிவ் எப்படியும் பாடிதான். மிதக்கவிட்ட சப்ளையில் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் ஓசையில்லாமல் ரிக்குக்கு வரும். சேர்த்த சப்ளையில் ஃபியூஸ் போகும்.

## பேசும்போது உதடு சுடுகிறது, சப்ளை கட் ஆகிறது

மைக் உதட்டில் சுடுவது, சப்ளை மீட்டர் முள் பேச்சுக்கேற்ப ஆடுவது, கம்ப்யூட்டர் மவுஸ் தானே ஓடுவது எல்லாம் ஒரே வியாதி. ஆண்டெனாவில் போக வேண்டிய ஆர்.எஃப். கோஆக்ஸின் வெளித்தோலில் ஏறி அறைக்குள் வருகிறது.

இங்கேதான் ‘இன்னொரு ராடு’ ஆசை எல்லாருக்கும் வரும். மாடி அறையிலிருந்து கீழே ராடு வரை வயர் 10 மீட்டர் போகும். 7 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் 10.7 மீட்டர். கீழ்முனை மண்ணில் இருந்தால் மேல்முனை, அதாவது உங்கள் ரிக், அந்த பேண்டில் எர்த்தே இல்லாத மாதிரி நிற்கும். புதுசாக ஒரு ஆண்டெனா கட்டி அதை மேஜைக்குக் கொண்டுவந்த கதை.

டம்மி லோடு போட்டால் போய்விடுகிறதா? போனால் உறுதி. பவரை 100லிருந்து 20 வாட்டுக்குக் குறைத்தும், பேண்டு மாற்றியும் பாருங்கள். ஒரு பேண்டில் மட்டும் என்றால் கோஆக்ஸின் நீளம் அந்த பேண்டுக்கு வாகாக அமைந்துவிட்டது. ஒரு முனையில் ஃபீட் செய்யும் (எண்ட்-ஃபெட்) வயர் ஆண்டெனா என்றால் கவுன்டர்பாய்ஸ் (ஆண்டெனாவின் மறுபாதியாக வேலை செய்யும் வயர்) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் கோஆக்ஸும் சப்ளை வயருமே கவுன்டர்பாய்ஸ்.

செலவில்லாத மருந்து: ஆண்டெனா ஃபீட் பாயின்ட்டில் (கோஆக்ஸ் சேரும் இடம்) சுமார் 6.7 மீட்டர் கோஆக்ஸை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக 10 சுற்று சுற்றி டேப் போடுங்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்கு நன்றாகவே கேட்கும். காசு இருந்தால் 31 ரகப் பெரிய ஃபெரைட் வளையத்தில் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கோஆக்ஸை 10, 12 சுற்று. அப்புறம்தான் அறைக்குள்: டி.சி. வயர் இரண்டையும் சேர்த்தே ஃபெரைட்டில் சுற்றுங்கள். ஒன்றை மட்டும் சுற்றினால் 20 ஆம்பியர் டி.சி. வளையத்தைத் திணறடித்துவிடும், சும்மா இரும்பு மாட்டியதுதான் மிச்சம். சப்ளை டெர்மினல் ஒவ்வொன்றிலிருந்தும் பாடிக்கு 10 நானோஃபாரட் டிஸ்க் கெப்பாசிட்டர் ஒன்று, காலைக் குட்டையாக வெட்டி.

ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்மிட்டில் சப்ளை வோல்ட் இறங்குவதற்குப் பதில் 15, 16 என்று ஏறினால் அந்த நொடியே நிறுத்துங்கள். ரெகுலேட்டர் ஆர்.எஃப்.பில் மயங்கிவிட்டது. 13.8 வோல்ட் ரிக்குகளுக்கு வழக்கமான எல்லை 15 சதவீதம், அதாவது 15.9 வோல்ட். கையால் கட்டிய சப்ளையில் ஓவர்வோல்டேஜ் கட் இல்லையென்றால் ஆண்டெனாவைச் சரிசெய்யும்வரை பேட்டரியில் பேசுங்கள்.

## “உங்க ஆடியோல ஹம் வருது”

கம்ப்யூட்டர் கேபிள்களைக் கழற்றிவிட்டு வெறும் மைக்கில் டம்மி லோடில் பேசுங்கள். பக்கத்து ரிசீவரில் கேளுங்கள். ஹம் போனால் ஆடியோ கேபிள் வழியாக எர்த் லூப், அதாவது எர்த்துக்கு இரண்டாவது வழி. லேப்டாப் என்றால் அதன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். இரண்டு பின் சார்ஜர்தான் பல இடங்களில் காரணம். நிரந்தரத் தீர்வு ஆடியோ லைனில் 600-600 ஓம் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்.

மைக்கில் மட்டும் பேசினாலும் ஹம் இருந்தால், டிரான்ஸ்மிட்டில் 13.8 வோல்ட் லைனை மீட்டரின் ஏ.சி. மில்லிவோல்ட் ரேஞ்சில் பாருங்கள். 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் லீனியர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் ஆயுள் முடிந்தது. தலை உப்பியிருக்கும்.

## ரிசீவில் சீறல்

ரிக்கைக் கார் பேட்டரியில் ஓட்டுங்கள், சப்ளையைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சத்தம் அடங்கினால் சப்ளை. அடங்கவில்லையென்றால் வீட்டு மெயினையே அணையுங்கள். அப்போது அடங்கினால் எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர். அப்போதும் அடங்காவிட்டால் பக்கத்து வீடு. சப்ளைதான் என்றால் டி.சி. பக்கமும் மெயின்ஸ் பக்கமும் ஃபெரைட் போடுங்கள். பாடி எர்த் சரியில்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அதன் ஃபில்டர் பாதி வேலைதான் செய்யும் என்பதால் முதல் தலைப்பின் சோதனைகளையும் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

## பழைய சர்வர், டெலிகாம் சப்ளை சேர்த்ததும் கட் ஆகிறது

இரண்டு 12 வோல்ட் சர்வர் சப்ளைகளை வரிசையில் போட்டு 24 எடுக்கப் பார்க்கிறீர்கள் என்றால் காரணம் தெளிவு. இரண்டிலும் நெகட்டிவ் பாடியோடு, பாடி எர்த்தோடு. மேல் சப்ளையின் நெகட்டிவ், எர்த் வழியாகக் கீழ் சப்ளையை ஷார்ட் செய்கிறது. மேல் சப்ளையின் எர்த் வயரை வெட்டச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உலவுகின்றன, கேட்காதீர்கள். ஒரு 24 வோல்ட் சப்ளை வாங்குவது மலிவு.

காயலான் கடை 48 வோல்ட் டெலிகாம் சப்ளை என்றால், டெலிகாமில் எர்த் ஆவது பாசிட்டிவ். பாடியோடு எந்த முனை சேர்ந்திருக்கிறது என்று ஓம் பார்க்காமல் எதையும் மாட்டாதீர்கள்.

## இடி விழுந்த மறுநாள் எதுவும் சரியில்லை

வீட்டு எர்த் ஒரு குழியில், ஆண்டெனாவின் எர்த் தனிக் குழியில் என்று இருக்கும் ஸ்டேஷனில் பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு குழிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் வரும். அது சமன் ஆகும் வழி: கோஆக்ஸ், ரிக், சப்ளை, சாக்கெட். நேரடியாக இடி விழாத வீட்டில் யு.எஸ்.பி. போர்ட்டும் சப்ளையின் ஃபில்டரும் சாவது இப்படித்தான்.

ரிக்கை மாட்டாமல் சப்ளையை மட்டும் சோதியுங்கள்: பிளக் பின்களில் ஓம், பிறகு ஆன் செய்து 13.8 வருகிறதா, கருகிய வாடை இருக்கிறதா. கோஆக்ஸ் அரெஸ்டரின் (இடி வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் கருவி) கேஸ் ட்யூபை மாற்றிவிடுங்கள். பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் பல்புகள் சில பளிச்சென்றும் சில மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் போயிருக்கிறது. மூன்று ஃபேஸ் வீட்டில் சாக்கெட்டுக்கு 400 வரை வரலாம். மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குப் போன் போடுங்கள்.

எலக்ட்ரீஷியன் வரும்போதே இன்னொரு வேலையையும் சேர்த்துக் கொடுங்கள். கோஆக்ஸ் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு உலோகத் தகடு, அதில் அரெஸ்டர், தகட்டிலிருந்து ஆண்டெனா குழிக்கும் வீட்டு எர்த் குழிக்கும் 16 சதுர மி.மீ.க்குக் குறையாத செம்பு, சுவருக்கு வெளியே. அதற்குப் பின் எர்த் டெஸ்டரில் ஒரு அளவு எடுத்து, மெயின் போர்டின் உள்பக்கம் தேதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அந்த வேலை முடியும்வரை, வானம் கறுத்தால் கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள், சப்ளை பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். இடி கேட்க ஆரம்பித்த பிறகு கனெக்டரில் கை வைக்காதீர்கள்.